கொடுங்கையூர் போகும் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்துங்கள்

வடசென்னை மண்டலங்களில் பணிபுரியும் மாநகராட்சி அதிகாரிகளுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குடியிருப்புக்குப் பின்னால் சும்மா கிடக்கிற பொது நிலத்தில் காய்கறித் தோட்டம் போட முனைந்திருக்கிறோம். பணம் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. கம்பி வேலி, டைல்ஸ் நடைபாதை, நீரூற்று, திறப்பு விழாக் கல்வெட்டு எதுவும் வேண்டாம். நீங்கள் தினமும் வண்டியில் ஏற்றி, டீசல் செலவழித்துக் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் அனுப்புகிற பொருள்களில் சிலவற்றை மட்டும் கேட்கிறோம். வெட்டிப்போட்ட மரக்கிளை, கூட்டி அள்ளிய சருகு, நடைபாதையில் பெயர்த்த கல், காய்கறிக் கழிவில் தயாரான உரம். எல்லாமே எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகின்றன. போகிற வழியில் இறக்கிவிட்டுப் போகலாம்.

எங்கள் நிலம் வியாசர்பாடிப் பக்கம், ஹவுஸிங் போர்டு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குத் தனிச்சிறப்பு ஒன்றும் கிடையாது. கொருக்குப்பேட்டை, எருக்கஞ்சேரி, தண்டையார்பேட்டை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் அப்படியொரு துண்டு நிலம் கண்ணில் படும். மனை பிரித்தபோது திறந்தவெளிக்கென்று ஒதுக்கியது, கால்வாய்ச் சுவருக்கும் குடியிருப்புக்கும் நடுவில் மிஞ்சியது, பூங்கா என்று பலகை மட்டும் நட்டது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. ஒதுக்கிய பிறகு அதை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. சுற்றுச்சுவர் எழுப்பிப் பூட்டு போடுவார்கள். பூட்டிய இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது ஒரு லோடு ரப்பிஷ் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒரு மழை பெய்தால் போதும், அதன் மேல் சீமைக் கருவேலம் முளைத்துவிடும்.

அந்த இடத்தை ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்துக் காய்கறி போடலாம் என்று குடியிருப்பில் சில குடும்பங்கள் சேர்ந்து முடிவு செய்தோம். நிலம் பொதுவாகவே இருக்கும்; பாத்தியும் விளைச்சலும் அவரவருக்கு. இது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1908-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், தோட்ட நிலம் ஒதுக்குவது பற்றி உள்ளாட்சி பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம்மை ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில் தங்கள் ஊர்த் தொழிலாளிக்குச் செய்துகொடுத்தது அது. இங்கே கொண்டுவரத்தான் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. அங்கே வழக்கமான ஒரு பங்கு ஏறக்குறைய 250 சதுர மீட்டர். வடசென்னையில் அந்த அளவு இடத்தில் ஒரு சந்தே குடியிருக்கும். எங்களுக்குப் பத்தடிக்கு நாலடி போதும்.

இப்படித் தொடங்குகிற எல்லோரும் முதலில் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். செம்மண் ஒரு லோடு, மூட்டை மூட்டையாக மண்புழு உரம், பச்சை நிழல்வலை, வரிசையாக குரோ பேக். இந்தக் கணக்கை ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய அன்றே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிற குடும்பங்கள் கத்தரிக்காய்க்காக அவ்வளவு முதல் போட முடியாது, போடவும் கூடாது. வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், மொத்த வியாபாரத் தெருக்கள், லாரி ஷெட், மர மில், காயலான் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு தோட்டத்துக்கு வேண்டியது அத்தனையும் இங்கே ஏற்கெனவே யாருக்கோ வேண்டாததாகக் கிடக்கிறது.

இடத்தைச் சுத்தம் செய்வதில் பெரிய பயம் சீமைக் கருவேலம்தான். அதை வெட்டக் கூலி கொடுக்க வேண்டியதே இல்லை. கல்யாணத்துக்கு பிரியாணி போடும் மாஸ்டர்கள் நம் பகுதியில் இன்னமும் விறகு அடுப்பில்தான் தேக்சா ஏற்றுகிறார்கள். விறகுக்காரரிடம் சொன்னால் அவரே ஆள் வைத்து வெட்டிக்கொண்டு போவார். வேர் மட்டும் நம் பாடு. தரைமட்டத்தோடு வெட்டி விட்டால் ஒரே மழையில் புதர் மாதிரித் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி, துளிர் விடுகிற அடிக்கட்டையையும் சேர்த்துக் கடப்பாரை போட்டு நெம்பி எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கைக்கு உறை மாட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் அரிப்பும் இளைப்பும் விலை கொடுத்து வாங்கியதாகிவிடும்.

களை என்று சொல்லி எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிடவும் கூடாது. எங்கள் குடியிருப்பு ஆயாக்கள் உள்ளே நுழைந்த முதல் நாளே மூக்கிரட்டையையும் பருப்புக்கீரையையும் முடக்கத்தானையும் தனியாகக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டார்கள். ஒரு விதையும் போடாமல் நடந்த முதல் அறுவடை அது.

உண்மையான எதிரி கோரைப்புல். மேலே கொத்தக் கொத்த, கீழே இருக்கிற கிழங்கு துண்டாகி நாலாகப் பெருகும். அட்டை போட்டு மூடினால் அதைக் குத்திக்கொண்டு மேலே வரும். கனமான ஃபிளெக்ஸ் பேனரைத்தான் அதனால் எளிதில் துளைக்க முடிவதில்லை. சில மாதம் வெளிச்சமில்லாமல் மூடி வைத்தால் சோர்ந்துபோகும். அதன் பிறகு கிழங்கைக் கிளறி எடுப்பது சுலபம். பேனர் நம் ஊரில் தட்டுப்பாடான பொருள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அனுமதியில்லாமல் வைத்ததை நீங்கள் அவிழ்த்து எடுக்கிறீர்களே, அதில் சிலவற்றை எங்களுக்குக் கொடுங்கள். எந்தக் கட்சிக்காரர் படமாக இருந்தாலும் முகத்தைக் கீழே பார்க்கப் போட்டுவிடுகிறோம். ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபிளெக்ஸ் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். மூடுவதற்கு மட்டும்தான் ஆகும், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலக்க விட்டாலோ, அதிலேயே பை தைத்துச் செடி வைத்தாலோ களையைவிட மோசமான பிரச்சினையை நாமே விதைத்ததாகும்.

கருவிக்கும் புதுக்கடை தேவையில்லை. தேய்ந்த மண்வெட்டி இலை காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். லாரியில் கழித்த கமான் பட்டையைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கினால் கடை மண்வெட்டியைவிட நாள்பட உழைக்கும். சவுக்குக் கம்பு, பந்தல்காரர் கழித்துப்போட்ட மூங்கில், கட்டட வேலையில் மிச்சமான கட்டுக்கம்பி, இவை கேட்டால் கிடைப்பவை. கொடி ஏற்றக் காசிமேட்டில் ஒதுக்கிய பழைய வலை இருக்கிறது. உப்புப் போகக் கழுவி, இழுத்து விறைப்பாகக் கட்டினால் புடலையும் பாகலும் அவரையும் ஜோராக ஏறும். தொளதொளவென்று தரையில் விடக் கூடாது. ஓணானும் பாம்பும் சிக்கிச் சாகும். அங்கே கிடைக்கும் மீன் கழிவையும் அதே எடை வெல்லத்தையும் மூடி போட்ட வாளியில் ஊற வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் மீன் அமிலம் தயார். லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து செடிக்குக் கொடுக்கலாம். பக்கத்து பிளாக்கில் வாடை வந்து சண்டை வராமல் இருப்பது மூடியின் இறுக்கத்தைப் பொறுத்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சரக்கை அடுக்கி ஏற்றுகிற பேலட் கட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாதவரம், மணலி, திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டுகளில் உடைந்த பேலட்டுகள் குவிந்திருக்கும். பாத்திக்கு ஓரம் கட்ட அதைவிடத் தோதான பலகை கிடையாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் வெறும் சூட்டில் பூச்சி போக்கியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரை எதுவாக இருந்தாலும் எண்ணெயோ ரசாயனமோ கொட்டிக் கறை பிடித்த கட்டை வேண்டாம். நீல நிற டிரம்முக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். மணலிப் பக்கத்திலிருந்து மலிவாக வருகிற டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால், அது எத்தனை தடவை கழுவியிருந்தாலும் காய்கறிக்கு ஆகாது. இடித்த வீட்டின் கதவு, ஜன்னல் சட்டத்தைப் பலரும் ஆசையாக எடுத்து வருகிறார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பெயிண்ட் உரிந்து பாத்தியில் விழ வேண்டாம்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் பொருளுக்கு ஆகிற செலவு சொற்பம்தான். ஏற்றி வருகிற செலவுதான் ஆளைச் சாய்க்கிறது. வலை சும்மா கிடைக்கும். காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டிக்காரர் சும்மா வர மாட்டார். பலகை சும்மா கிடைக்கும்; மணலியிலிருந்து குட்டி யானைக்கு வாடகை உண்டு. சருகு, கல் மாதிரிப் பொருள்களுக்கு இது இன்னும் அபத்தம். கால் காசு மதிப்பில்லாத பொருளை வண்டி வாடகை கொடுத்து யார் அள்ளி வருவார்கள்? அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது. சருகும் கிளையும் ஏற்றிய வண்டி உங்களிடம் இருக்கிறது, அது எங்கள் பக்கமாகவே போகிறது, அதற்கு டீசலும் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

இது சட்டத்துக்குப் புறம்பான கோரிக்கையும் அல்ல. பூங்கா, தோட்டக் கழிவைத் தனியாகச் சேகரித்து, கூடுமானவரை பூங்காக்களிலும் தோட்டங்களிலுமே பதப்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. நாங்கள் கேட்பது அதையேதான். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைக் கழிவு என்று அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டினால் குவியலின் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் களைவிதையும் சாகும். சுமார் மூன்று மாதத்தில் உரம் தயார். பச்சைக் கழிவுக்கு நாங்கள் உங்களிடம் வரப் போவதில்லை. எங்கள் அடுப்படியில் இருக்கிறது, டீக்கடையில் டீத்தூள் சக்கை இருக்கிறது, மாட்டுக்கொட்டகையும் பக்கத்திலேயே இருக்கிறது. கரும்புச் சாறு வண்டிக்காரர் போடும் சக்கை கோடையில் பாத்தி மேல் மூடாக்குப் போட அருமையான பொருள். எங்களுக்குப் போதாதது சருகுதான். குடியிருப்பில் உள்ள நாலு வேப்பமரம் உதிர்ப்பது எந்த மூலைக்கு?

குவிந்துகிடக்கும் கொடுங்கையூர் மேட்டைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது. எரிஉலை வேண்டாம் என்று எங்கள் பகுதி மக்கள் கைகோத்துத் தெருவில் நின்றதும் உங்களுக்குத் தெரியும். ஊர்க் குப்பையெல்லாம் எங்கள் தலைமாட்டில் வந்து சேரும்போது, அதில் மண்ணுக்கு உதவுகிற பங்கையாவது எங்களிடம் கொடுப்பதுதானே நியாயம்?

இதை எப்படிச் செய்யலாம் என்பதிலும் ஒரு வேண்டுகோள். தூய்மைப் பணியாளர்கள் தலையில் கூடுதல் வேலையாக இதைக் கட்டிவிடாதீர்கள். அவர்கள் நிலைமை எங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். சருகு தனி மூட்டையாக வர வேண்டும், பிளாஸ்டிக் கலக்காமல் வர வேண்டும், அவ்வளவுதான். இறக்குவதும் அடுக்குவதும் எங்கள் வேலை. அதேபோல அட்டையும் பிளாஸ்டிக் வாளியும் எங்களுக்குக் கொடுக்க வேண்டாம். குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்களுக்கு அவை காயலான் கடையில் காசாகும். தோட்டம் போடுகிறோம் என்று அவர்கள் வயிற்றில் அடிப்பது சரியல்ல.

கொடுக்கக் கூடாத இன்னொன்றும் இருக்கிறது. ‘மண் வேண்டுமாமே’ என்று கேட்டு, கேப்டன் காட்டன் கால்வாயிலும் ஓட்டேரி நல்லா ஓடையிலும் தூர் வாரிய சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிடாதீர்கள். கருகருவென்று வளமாகத் தெரியும். சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் எத்தனை வருடமாகப் படிந்த சேறு அது! மழைநீர் வடிகால் கட்ட, சாக்கடை கலக்காத இடத்தில் புதிதாகத் தோண்டுகிற மண் என்றால் வாங்கிக்கொள்கிறோம். நடைபாதையில் பெயர்த்த சிமென்ட் கல், ஓரக்கல் எவ்வளவு வந்தாலும் சரி. மேட்டுப்பாத்திக்கு அவைதான் சுவர். மேட்டுப்பாத்தி எங்களுக்கு அழகுக்கு அல்ல. மழை பிடித்துவிட்டால் மார்கழி வரை எப்போது வேண்டுமானாலும் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடம் இது.

குப்பையிலிருந்து கிடைக்காதவை மூன்று. அவற்றை உங்களிடம்தான் கேட்க முடியும்.

முதலாவது மண் பரிசோதனை. சாதாரண வேளாண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் சொல்வார்கள். ஈயமும் காட்மியமும் அதில் வராது. தனியாகச் சோதிக்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம். மணலியின் ஆலைகளுக்கும் எண்ணூரின் சாம்பலுக்கும் நடுவில் வாழ்கிற நாங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் குழந்தைக்குக் கீரை ஊட்ட முடியாது. ஒவ்வொரு பாத்திக்கும் கேட்கவில்லை, ஒரு நிலத்துக்கு ஒரு தடவை சோதித்து முடிவைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதுவரை கீரையும் முள்ளங்கியும் வெளியிலிருந்து வந்த உரம் நிரப்பிய மேட்டுப்பாத்தியில் மட்டும். தரையில் கத்தரி, வெண்டை, கொடிக்காய் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். ஈயம் இலையிலும் கிழங்கிலும் சேர்கிற அளவுக்குக் காயில் சேராது.

இரண்டாவது தண்ணீர். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்பு. குடிநீர்க் குழாயை நீட்டித் தாருங்கள் என்று கேட்க மனசு வரவில்லை. குடத்தோடு நிற்கிறவர்கள் முன்னால் செடிக்குக் குடிநீர் ஊற்ற முடியாது. குடியிருப்பு மாடியில் விழுகிற மழையைப் பிடித்து வைக்க மூடியுள்ள தொட்டி ஒன்று வைக்க அனுமதி கொடுங்கள். மூடி என்று அழுத்திச் சொல்வது உங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்காக. அவர்கள் வாரம் ஒரு முறை வந்து எட்டிப் பார்க்கட்டும், வரவேற்கிறோம்.

மூன்றாவது ஒரு தாள். இந்த நிலத்தில் இன்ன காலம் வரை காய்கறி போடலாம், மாநகராட்சிக்கு நிலம் வேண்டும் என்றால் ஒரு விளைச்சல் எடுக்கிற அவகாசம் கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று எழுத்தில் ஓர் அனுமதி. வாய்ப்பேச்சை நம்பி யாரும் முருங்கைப் போத்து நட மாட்டார்கள். பட்டாவோ குத்தகையோ கேட்கவில்லை. நிலத்தைப் பின்னாளில் வளைத்துப் போட்டுவிடுவார்களோ என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். கூரையோ கொட்டகையோ போட மாட்டோம் என்று அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறோம்.

விதைக்கு உங்களைத் தேடி வர மாட்டோம். தனியாவும் வெந்தயமும் காராமணியும் மளிகை டப்பாவிலேயே இருக்கின்றன. கீரைக்கார அம்மா தண்டங்கீரை விதை கொடுத்தாயிற்று. பசலையும் முருங்கையும் கொம்பை ஒடித்து வைத்தால் வரும். தோட்டக்கலைத் துறையின் மானிய விலை மாடித் தோட்டக் கிட்டையும் சிலர் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு மண்டலத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும். எந்தெந்தத் தோட்டத்துக்கு, வாரத்தில் எந்த நாளில், எத்தனை மூட்டை சருகு இறக்கலாம் என்று அதில் இருந்தால், வண்டி ஓட்டுநர் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. எங்கள் இடத்தில் பின்வாசல் வழியாகப் பேட்டரி வண்டியும் குட்டி யானையும் உள்ளே வந்து திரும்ப முடியும். பெரிய லாரி என்றால் சுவருக்கு வெளியே இறக்கிவிட்டால் நாங்கள் கைமாற்றிக்கொள்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரமாகிவிடும் என்பதால் காலை எட்டு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது. சாவி கீழ்த்தளத்து இஸ்திரிக் கடையில் இருக்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முதல் குவியலைப் போட்டாக வேண்டும். அதற்குள் கிடைத்தால் தைக்குக் கீரை விதைக்கலாம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு பாத்திக்காரன்